உளி பிடிக்கிற முதுகும் டாங்கி சுமக்கிற முதுகும்

தோட்டக் கமிட்டிகளின் கூட்டத்தில் ஆற்றிய உரை



முதுகு வலியைப் பற்றிப் பேச எங்களைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். நாங்கள் டாக்டர்மார் அல்ல. மருந்தடிக்கிற இரண்டு பேர், கவ்வாத்துக்காரர் ஒருவர், ஸ்டோரில் வேலை செய்யும் ஒருவர். நாலு பேருமே வேலையில் முதுகு அடிபட்டவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு லயத்து இஸ்தோப்பில் கூடி மரவேலை செய்கிறோம். நாங்கள் ஆசாரிமாரும் அல்ல, கூலிக்குச் செய்வதும் இல்லை. பிள்ளைக்கு நடைவண்டி, சாமிக்கு மாடம், தப்புக்குச் சட்டம், மாசியில் காமன் கூத்து வந்தால் அதற்கு வேண்டிய வில்லும் தேரும் என்று செய்வோம்.

இந்தப் பழக்கம் எங்கள் அப்பாமார் காலத்தது. அப்போது தேயிலை பலகைப் பெட்டியில் கொழும்புக்குப் போனது. உடைந்த பெட்டிப் பலகை லயத்துக்கு வந்தால் தட்டாகும், தடுப்பாகும், பிள்ளைக்கு லொறியாகும். பிறகு காகிதச் சாக்கு வந்தது, பலகை நின்றுபோனது. இன்று எங்கள் கைக்குப் பிடித்த மரம் தேயிலைதான். இடுப்பளவு செடியாகவே பார்த்துப் பழகிவிட்டோம். கவ்வாத்து வெட்டாமல் விட்டால் அது முப்பது அடிக்கு மேலே போகிற மரம். மறுநடுகைக்காகப் பிடுங்கிப் போட்ட பழைய செடியின் தூரைக் காயவைத்துச் சீவிப் பாருங்கள், அவ்வளவு இறுக்கம். மூணாறு, குன்னூர் பக்கமும் இந்தத் தூரில் மேசைக்கால் செய்து விற்கிறார்கள். ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறோம்: தூர் எடுப்பதென்றால் நிர்வாகத்திடம் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்டு எடுங்கள். விறகுக்கும் திருட்டுப் பட்டம் கட்டுகிற ஊர் இது.

இனி முதுகு. எங்களில் ஒருவர் 16 லீட்டர் டாங்கியோடு ஈரச் சரிவில் வழுக்கி விழுந்தார். ஒரு லீட்டர் தண்ணீர் ஒரு கிலோ. டாங்கியின் நிறையையும் சேர்த்தால் 16 கிலோவுக்கு மேலே. அதைப் போட்டுக்கொண்டு ஒரு நாளைக்கு எத்தனை தரம் மலை ஏறி இறங்குகிறோம் என்பது மருந்தடிக்கிறவர்களுக்குத் தெரியும். விழுந்தவருக்குக் கிடைத்த புத்திமதி எல்லாம் ஒன்றே: அசையாமல் படு. அம்மா சொன்னார், மாமா சொன்னார், பக்கத்து லயமே சொன்னது.

உலகத்தில் வைத்தியம் இந்த இடத்தில் மாறிப் பல வருசம் ஆகிவிட்டது. 1986இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் டேயோ என்ற வைத்தியரும் கூட்டாளிகளும் முதுகு வலிக்காரர்களில் ஒரு பாதிக்கு இரண்டு நாளும் மறு பாதிக்கு ஏழு நாளும் படுக்கை என்று சொல்லிப் பார்த்தார்கள். ஏழு நாள் படுத்தவர்களுக்குக் கூடுதல் நன்மை எதுவும் இல்லை, வேலைநாள்தான் கூடுதலாகப் போனது. 1995இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரசபை ஊழியர்கள் 186 பேரிடம் பார்த்தபோது, வலி விடுகிற அளவுக்கு அன்றாடக் காரியங்களைச் செய்துகொண்டிருந்தவர்களே படுத்தவர்களைவிடச் சீக்கிரம் தேறினார்கள்.

இது எல்லா முதுகுக்கும் பொருந்தாது. விழுந்து எலும்பு உடைந்திருக்கலாம் என்றால் முதலில் வைத்தியசாலை. சிறுநீர் போக முடியவில்லை, அல்லது அடக்க முடியவில்லை, தொடையிடுக்கில் மரத்துப் போகிறது, காலில் பலம் குறைகிறது என்றால் அன்றைக்கே, இரவென்றாலும், டிக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ கொண்டுபோங்கள். தைலம் தேய்த்து விடியும்வரை பார்க்கக் கூடாது.

அந்த ஆபத்து இல்லை என்று வைத்தியர் சொன்ன பிறகுதான் நாங்கள் மறுபடி உளியைத் தொட்டோம். பழைய மாதிரி அல்ல. முன்பு தரையில் சம்மணம் போட்டு, காலால் கட்டையை மிதித்துப் பிடித்து, கூனிக் குனிந்து செதுக்குவோம். ஸ்வீடன் தேசத்து ஆல்ப் நாகெம்சன் என்ற வைத்தியர், முதுகெலும்புக்கு இடையில் இருக்கிற வட்டுக்குள் ஊசி விட்டு அழுத்தத்தை அளந்தவர். படுத்தால் குறைவு, நின்றால் கூட, குனிந்தால் அதற்கும் கூட என்று கண்டார். ஆகவே முதல் வேலையாக ஒரு பட்டறை மேசை செய்தோம். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வருகிற உயரம், அது சீவுளி தள்ளுவதற்கு. நுணுக்கமாகச் செதுக்க இன்னும் உயரம் வேண்டும், அதற்கு மேசைமேல் ஒரு கட்டையை வைத்துக்கொள்கிறோம்.

முதல் வாரங்களில் சாண்ட் பேப்பர் தேய்ப்பது மட்டும். பிறகு கத்தி, பிறகு உளி. வாள் கடைசி, ஏனென்றால் அறுக்கும்போது இடுப்பு முறுகும். பத்து நிமிடம் வேலை, பிறகு பீலிக்கரை வரை நடை. வலி வருவதற்கு முன்பே எழும்ப வேண்டும், வந்த பிறகு எழும்பினால் அடுத்த நாள் தெரியும். உளியைத் தீட்டியே வைத்திருக்கிறோம், மொட்டை உளிதான் உடம்பைத் தள்ளச் சொல்லும். கட்டையைத் திருப்புகிறோம், உடம்பைத் திருப்புவதில்லை. பலகை என்றால் இரண்டு பேர். இப்படி நாலைந்து மாதத்தில் ஒரு தப்புச் சட்டம் முடிந்தது. முன்பு இரண்டு ஞாயிறு வேலை அது.

அப்போதுதான் வந்தது வினை. லயத்து வழியே போன உத்தியோகத்தர் ஒருவர் இஸ்தோப்பைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "மரம் சீவ முதுகு இருக்கு, மருந்தடிக்க மட்டும் இல்லையோ?" அடுத்த நாள் பெரட்டுக் களத்தில் அதே பேச்சு. இலகு வேலை கேட்டவருக்கு நடிப்புக்காரன் என்று பெயர்.

இந்தக் கேள்விக்குப் பயந்து எத்தனை பேர் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துக் கிடக்கிறார்கள், யோசித்துப் பாருங்கள். வெளியே நடந்தால் சுகமாகிவிட்டான் என்பார்கள், நடக்காவிட்டால் சுகமாகவே மாட்டான். ஆகவே பதிலை எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். உளி கால் கிலோகூட இல்லை. மேசை சமதரையில் நிற்கிறது. வலித்தால் கீழே வைத்துவிட்டுப் போகலாம், எங்கள் பேரை யாரும் வெட்டுவதில்லை. டாங்கியை நடு மலையில் இறக்கி வைத்துவிட்டு நடக்கப் போக முடியுமா? போனால் அரைப் பேர். தன் அளவுக்கு அசைகிற வேலை வைத்தியத்தின் பாகம். அதைச் செய்ய முடிகிறது என்பது 16 கிலோவைச் சரிவில் தூக்க முடியும் என்பதற்குச் சாட்சி ஆகாது.

இதை வாயால் சொல்லி வெல்ல முடியாது, காகிதம் வேண்டும். வைத்தியரிடம் "முதுகு வலி, ஓய்வு" என்று மட்டும் எழுதி வாங்காதீர்கள். பாரம் தூக்கக் கூடாதா, குனியக் கூடாதா, எத்தனை வாரத்துக்கு, எந்த வேலை செய்யலாம் என்று எழுதித் தரும்படி மரியாதையாகக் கேளுங்கள். நடக்கவும் அசையவும் வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். விழுந்த அன்றே வெளிக்கள உத்தியோகத்தரிடமும் டிஸ்பென்சரியிலும் பதிவு செய்யுங்கள், பக்கத்தில் நின்றவர்களின் பெயரையும் குறித்து வையுங்கள். வேலையால், வேலை நேரத்தில் வந்த காயத்துக்கு நட்டஈடு கேட்கிற உரிமை 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. பதிவு இல்லாவிட்டால் அது எங்கள் கைக்கு எட்டாது.

இங்கே உட்கார்ந்திருக்கிற அக்காமார் மனதில் ஓடுவது தெரிகிறது. கொழுந்து எடுத்து வந்து, தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளையைப் பார்த்த பிறகு எங்களுக்கு எங்கே பொழுதுபோக்கு என்கிறீர்கள். நியாயம்தான். எங்கள் வீட்டிலும் முதுகு நோகாத பெண் கிடையாது. சர்வதேச தொழில் தாபனம் 1967இலேயே பாரத்துக்கு ஒரு அளவு சொன்னது: கையால் தூக்கும் ஆணுக்கு 55 கிலோவுக்கு மேலே கூடாது, பெண்ணுக்கு அதைவிட நல்லாகக் குறைய வேண்டும் என்று. அந்தக் கணக்கு எங்கள் மலைப் படியைப் பார்த்துப் போட்டதல்ல என்றே நினைக்கிறோம். ஆனாலும் பேச்சுவார்த்தை மேசையில் எடுத்துப் போட உதவும்.

எங்கள் கையால் ஆனது ஒன்று உண்டு. நம் முன்னோர் தமிழ்நாட்டில் வழியோரத்தில் சுமைதாங்கிக் கல் நட்டார்கள், இரண்டு கல்லை நிறுத்தி மேலே ஒரு கல். கர்ப்பத்தோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக வைப்பது வழக்கம். தலைச்சுமையைக் குனியாமல் அதில் இறக்கலாம், குனியாமல் தலைக்கு ஏற்றலாம். கொழுந்து நிறுக்கிற இடத்தில் இன்று சாக்கைத் தரையில் போட்டு, தரையிலிருந்தே தலைக்குத் தூக்குகிறீர்கள். அங்கே மரத்தில் ஒரு சுமைதாங்கி நிற்கட்டும். மாதிரிக்கு ஒன்று டர்பன்டைன் கட்டையில் செய்து வெளியே வைத்திருக்கிறோம், போகும்போது சாக்கை வைத்துப் பாருங்கள். கொழுந்தெடுக்கிற அக்காமாரின் நெஞ்சு உயரத்தை டிவிசன் வாரியாக அளந்து தலைவிமார் எங்களிடம் தாருங்கள். மரமும் ஆணியும் கமிட்டி தந்தால், மாதம் ஒன்று எங்களால் முடிக்க முடியும். அதற்குமேல் கேட்காதீர்கள், பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் நாங்கள் பீலிக்கரைக்குப் போக வேண்டியிருக்கிறது.