விலைபோகாத முதல் பகுதி



என் அலமாரியின் கீழ்த்தட்டில் நாற்பது பக்கக் கதைப்பிரதி ஒன்று கிடக்கிறது. தொலைக்காட்சித் தொடரின் முதல் பகுதி. 'பைலட்' என்பார்கள். தொடரை வாங்குவதா வேண்டாமா என்று முடிவுசெய்ய, மாதிரிக்கு ஒன்று. தூர்தர்ஷன் காலத்திலேயே இந்த வழக்கம் உண்டு. வாங்க ஆளில்லை என்றால் கதை அதோடு சரி. என்னுடையதும் விலைபோகவில்லை.

நான் எடுத்துக்கொண்டது காரைக்காலில் எல்லாருக்கும் தெரிந்த சம்பவம். 2017 ஜனவரி 3. புதுவைச் சட்டமன்றத்தின் முன்னாள் சபாநாயகர், முன்னாள் அமைச்சர் வி.எம்.சி. சிவகுமார், நிரவியில் கல்யாண மண்டபக் கட்டட வேலையைப் பார்க்கப் போயிருந்தார். அங்கேயே ஒரு கும்பல் நாட்டு வெடிகுண்டு வீசி, அவரை வெட்டிக் கொன்றது. மதுத் தொழிலைச் சுற்றி முன்பே விழுந்த கொலைகளின் தொடர்ச்சி இது என்று அப்போது செய்திகள் வந்தன.

பிரதியைப் படித்த தயாரிப்பாளர் தன்மையாகத்தான் பேசினார். "சார், லைசென்ஸ், வரி, செக்போஸ்ட்டெல்லாம் எதுக்கு? அஞ்சாவது நிமிஷம் வெட்டு விழணும்."

எனக்கு அந்த வரியும் செக்போஸ்ட்டும்தான் கதையே.

நம் காரைக்கால் மொத்தமே சுமார் 160 சதுர கிலோமீட்டர். 1739-இல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்தது. 1954 நவம்பர் 1-இல் ஆட்சி மாறியது. அவர்கள் போனார்கள், எல்லைக்கோடு மட்டும் தங்கிவிட்டது. ஒரு பக்கம் கடல், மற்ற பக்கமெல்லாம் தமிழ்நாடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் மதுவுக்கு வரி குறைவு, அந்தப் பக்கம் அதிகம். நாகூரை ஒட்டிய வாஞ்சூரில் ஒரு சாயங்காலம் நின்று பாருங்கள். ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கினால் உள்ளே குவார்ட்டர் பாட்டில்கள், கிலுங்காமலிருக்க நடுவில் பழந்துணி செருகியிருக்கும். ஓட்டி வந்த பையனுக்கு மீசைகூட முளைத்திருக்காது. ஒரு பாட்டிலில் கிடைப்பது சில்லறை லாபம். அதையே லாரிக் கணக்கில் நினைத்துப் பாருங்கள். அந்தப் பணம் யார் கைக்குப் போவது என்ற போட்டியில்தான் அரிவாள் வருகிறது. இதைச் சொல்லாமல் வெட்டை மட்டும் காட்டினால், நாம் ஏதோ கொலைகார ஊர் என்றாகிவிடும். அதற்கு என் மனம் ஒப்பவில்லை.

இன்னொரு தயக்கமும் இருந்தது. நான் எழுதிய நாளில் சிவகுமார் கொலை வழக்கு முடிந்திருக்கவில்லை. நிஜ மனிதர்களைப் பற்றி எதுவரை எழுதலாம் என்ற கேள்வி முன்பே வந்ததுதான். நக்கீரன் இதழ், தொடர்கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை வெளியிடப் போனபோது அதிகாரிகள் தடுத்தார்கள். விஷயம் உச்ச நீதிமன்றம் போனது. 1994 அக்டோபரில் தீர்ப்பு வந்தது: நீதிமன்ற ஆவணம் போன்ற பொது ஆவணங்களில் இருப்பதை யார் சம்மதமும் இல்லாமல் எழுதலாம், அதைத் தாண்டி ஒருவரின் சொந்த வாழ்க்கைக்குள் நுழைந்தால் விளைவை ஏற்கவேண்டும். தொடருக்குச் சுவையூட்டுவதெல்லாம் அந்தத் தாண்டிய பகுதியில்தானே இருக்கிறது!

வழக்கு முடியாதபோது தொடர் வந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் தாதாக்களின் கொலைகளை வைத்து 'அண்டர்பெல்லி' என்ற தொடரை எடுத்தார்கள். 2008 பிப்ரவரியில், ஒளிபரப்புக்கு முந்தின நாள், விக்டோரியா மாநிலத்தில் அதைக் காட்டக்கூடாது என்று நீதிபதி பெட்டி கிங் உத்தரவிட்டார். அங்கே ஒரு கொலை வழக்கு விசாரணைக்கு வரவிருந்தது. ஜூரிகள் டிவியைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கக்கூடாது என்ற கவலை.

நமக்கு ஜூரி கிடையாது, சாட்சிகள் உண்டு. கூண்டில் ஏறப்போகிறவர் முந்தின இரவு என் தொடரைப் பார்த்தால், தான் கண்டது எது, டிவியில் பார்த்தது எது என்று அவருக்கே குழம்பிப்போகும். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது போதுமே.

இப்போது அந்தப் பிரதியைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். நிஜப் பெயர் ஒன்றுகூட இல்லை. முதல் காட்சியில் வெட்டும் இல்லை. வாஞ்சூர், இரவு எட்டு மணி. ஒரு போலீஸ்காரர் ஸ்கூட்டர் சீட்டைத் தூக்குகிறார். பையன் தலைகுனிந்து நிற்கிறான்.