விண்மீன் வெடிப்பும் வினைச்சொற்களும்: மின்னிலக்கக் கல்வியில் அறிவியல் தமிழ்



மின்னிலக்கக் கருவிகள் வகுப்பறைக்கு வந்தபின் அறிவியல் தமிழுக்கு நேர்வது என்ன என்பதே இன்றைய பொருள். பொதுவாகப் பேசினால் எல்லாரும் தலையசைத்துக் கலைந்துவிடுவோம் என்பதால், ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொள்கிறேன். விண்மீன் வெடிப்பால் தனிமங்கள் தோன்றும் செய்தி அது.

நம் தமிழ்ப்பள்ளிகளில் அறிவியலைத் தமிழில் கற்கும் வாய்ப்பு எளிதில் நிலைத்துவிடவில்லை. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்டன. 2009இல் அக்கொள்கையைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பட்டது. அவ்வாறு மீண்ட வாய்ப்பைச் சட்டம் ஏதுமின்றியே திரைகள் சிறுகச்சிறுகக் கரைத்துவிடக்கூடும் என்பதே என் கவலை.

முதலில் வானியலைப் பார்ப்போம். சூரியனைப்போல் 25 மடங்கு நிறையுள்ள ஒரு விண்மீன் தன் நடுவிலுள்ள ஹைட்ரஜனை ஏறத்தாழ 70 இலட்சம் ஆண்டுகள் ஹீலியமாக்கி ஒளிர்கிறது. பின்னர் ஹீலியம் இணைந்து கார்பனும் ஆக்சிஜனும் உண்டாகின்றன. கார்பன் எரிந்து தீர ஏறத்தாழ 600 ஆண்டுகள், ஆக்சிஜனுக்கு ஆறு மாதம், சிலிக்கனுக்கு ஒரு நாள். ஒவ்வொரு கட்டமும் முந்தையதைவிட விரைவானது. இறுதியில் கரு இரும்பாகிவிடுகிறது. இரும்பின் அணுக்கருக்களை இணைத்தால் ஆற்றல் கிடைப்பதில்லை. மாறாக ஆற்றலைச் செலவிட வேண்டும். அடுப்பு அணைகிறது. கருவின் நிறை சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கை எட்டியதும் அது தன் எடையைத் தானே தாங்க இயலாமல் ஒரு நொடிக்குள் இடிந்து விழுகிறது. இவ்வெல்லையை முதலில் வெண்குறு விண்மீன்களுக்காகக் கணித்தவர் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். 1983இல் அவரோடு இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட வில்லியம் ஃபௌலர், தனிமங்கள் விண்மீன்களில் உருவாவதை விளக்கிய 1957ஆம் ஆண்டுக் கட்டுரையின் நான்கு ஆசிரியர்களுள் ஒருவர்.

இப்போது என் துறைக்கு வருகிறேன். 'விண்மீன் வெடிப்பு தனிமங்களை உருவாக்குகிறது' என்னும் தொடரில் இலக்கணப் பிழை இல்லை. எனினும் அது மூன்று வேறு நிகழ்வுகளை ஒரே வினைச்சொல்லில் அடைத்துவிடுகிறது. நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன் வெடிப்புக்கு நெடுநாள் முன்பே அவ்விண்மீனின் அடுக்குகளில் உருவானது. வெடிப்பு அதை வெளியே சிதறடித்தது, அவ்வளவே. கருவில் திரண்ட இரும்போ பெரும்பாலும் வெளியேறுவதே இல்லை. நியூட்ரான் விண்மீனுக்குள்ளோ கருந்துளைக்குள்ளோ அகப்பட்டுவிடுகிறது. வெடிப்பின் அதிர்வலை சிலிக்கன் அடுக்கைச் சுடும்போது புதிதாகப் பிறப்பது நிக்கல்-56. அது கோபால்ட்-56 ஆகச் சிதைந்து, பின் இரும்பாகிறது. ஆக, 'உருவானது', 'சிதறியது', 'சிதைந்து மாறியது' என மூன்று வினைகள் வேண்டும். தன்வினையும் பிறவினையும் வடிவிலேயே வேறுபடும் மொழி நம்முடையது. உருவாகு, உருவாக்கு, சிதறு, சிதறடி. யார் செய்தது, எது தானே நிகழ்ந்தது என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொல்ல வசதியிருந்தும் பாடநூல் தமிழ் பெயர்ச்சொற்களின் பட்டியலாகவே நின்றுவிடுகிறது.

இது வெறும் கோட்பாடன்று. 1987 பிப்ரவரி 23 அன்று பெரிய மெகல்லன் மேகத்தில் ஒரு விண்மீன் வெடித்ததன் ஒளி நம்மை வந்தடைந்தது. அதற்குச் சில மணி நேரம் முன்னரே ஜப்பானின் கமியோக்காச் சுரங்கத்திலிருந்த கருவி 11 நியூட்ரினோக்களைப் பதிவு செய்திருந்தது. அதன் பின்னர் அவ்வெடிப்பின் ஒளி மங்கிய வேகம், கோபால்ட்-56 பாதியாகக் குறையும் 77 நாள் கணக்கோடு பொருந்தியது. தனிமம் மாறுவதை மனிதர் வானத்தில் அளந்தே கண்டனர். இதை ஒரு மாணவன் தன் சொந்தத் தொடரில் சொல்ல முடியுமானால் அவன் அறிவியல் கற்றவன்.

வகுப்பறைத் திரையில் நடப்பது என்ன? அசைவூட்டக் காணொளி பத்து நொடியில் விண்மீனைப் பெருக்கி, வெடிக்கச் செய்து, பேரோசையும் எழுப்புகிறது. வெற்றிடத்தில் ஓசை ஏது என்று கேட்கும் குழந்தையை நான் பாராட்டுவேன். 70 இலட்சம் ஆண்டும் ஒரு நாளும் அங்கே ஒரே நீளம்தான். படம் காட்டுவதைப் படம் காட்டட்டும். கால அளவையும் காரணத்தையும் மொழிதான் தர வேண்டும். விளக்கவுரை ஆங்கிலத்தில் ஓட, ஆசிரியர் இடையிடையே 'பார்த்தீர்களா?' என்பதோடு நிறுத்திக்கொண்டால், மாணவனிடம் காட்சி தங்கும், வாக்கியம் தங்காது.

தேடலிலும் ஒரு சிக்கல் உண்டு. யூனிகோட் குறியேற்றத்தாலும், நம் நாட்டு முத்து நெடுமாறன் முதலானோர் உழைப்பாலும் தமிழைத் தட்டச்சிடும் இடர் தீர்ந்தது. ஆயினும் ஒரு மின்னூலில் 'தனிமம்' என்று எழுத்துக்கு எழுத்து தேடிப் பாருங்கள். 'தனிமத்தை', 'தனிமத்தின்', 'தனிமங்கள்' ஆகிய எதுவும் அகப்படாது. மகர ஈறு கெட்டு அத்துச் சாரியை ஏறியதும் எளிய தேடலுக்கு அது வேறு சொல்லாகிவிடுகிறது. உருபனியல் பகுப்பாய்வை உள்ளே வைத்தாலன்றி இது தீராது. போதாக்குறைக்கு, ஒரு நூல் 'சூப்பர்நோவா' என்கிறது. மற்றொன்று 'மீயொளிர் விண்மீன் வெடிப்பு' என்கிறது. இலங்கை நூல்களில் தனிமத்துக்கே 'மூலகம்' என்று பெயர். எச்சொல் சிறந்தது என்று மாநாடு கூட்டுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. அச்சொற்கள் அனைத்தும் ஒரே பக்கத்துக்கு வழிகாட்டுமாறு இணைப்பது கணினிக்கு எளிய வேலை. நாம்தான் செய்து தரவில்லை.

ஆகவே இம்மன்றத்திடம் ஒன்று கேட்கிறேன். கலைச்சொற் பட்டியலை அடுத்த முறை வெளியிடும்போது, ஒவ்வொரு பெயர்ச்சொல்லோடும் அதன் வேற்றுமை ஏற்கும் வடிவத்தையும், அதனோடு வரும் வினைச்சொற்களையும், அவ்வினைகள் பயின்ற இரண்டு முழு வாக்கியங்களையும் சேர்த்துத் தாருங்கள். 'தனிமம்' என்னும் பதிவின் கீழ் 'தனிமத்து' இருக்கட்டும். 'உருவாகு', 'சிதை', 'சிதறு' இருக்கட்டும். அச்சிலும் தாருங்கள்; கணினி படிக்கும் கோப்பாகவும் தாருங்கள். முதல் தொகுதியாக நூறு சொற்கள் போதும். அவற்றைச் சரிபார்க்கும் பணிக்கு என் நேரத்தை இப்போதே ஒப்புவிக்கிறேன். இனி உங்கள் வினாக்களுக்கு இடமளித்து அமைகிறேன்.