தானே கணக்கிடும் தாள்



சென்னை சென்ட்ரலிலிருந்து மின்சார ரயிலில் வடக்கே புறப்பட்டால் முதலில் வருவது பேசின் பிரிட்ஜ். அப்பெயரைக் கேட்டதும் பலருக்கு ரயில் பெட்டிகள் நினைவுக்கு வரும். எனக்கோ மின்சாரம் நினைவுக்கு வரும். 1996-ஆம் ஆண்டில் அங்கே 30 மெகாவாட் திறனுள்ள வாயுச் சுழலிகள் நான்கைக் கொண்ட மின்நிலையம் அமைந்தது. அந்த எண்களையே இன்று உதாரணமாகக் கொள்கிறேன்.

கணினியில் ஒரு விரிதாளைத் திறந்து, நான்கு கட்டங்களில் நான்கு யந்திரங்களின் திறனை எழுதுங்கள். ஐந்தாம் கட்டத்தில், நாள் முழுதும் அவை ஓடினால் எத்தனை யூனிட் கிடைக்கும் என்பதற்குச் சூத்திரம் இடுங்கள். 28,80,000 என்று விடை வரும். ஒரு யந்திரம் பழுதென்று வைத்து, அதன் கட்டத்தில் சுழியம் இட்டால், நாம் கேளாமலே விடை 21,60,000 ஆகிவிடும். இதுதான் தானியங்கு மறுகணக்கீடு.

இவ்வசதியை அடக்கியாள வேண்டிய தேவை புதியதன்று. டான் பிரிக்ளின், பாப் ஃபிராங்ஸ்டன் இருவரும் ஆக்கிய விசிகால்க் 1979-இல் வெளிவந்தது. அக்காலத்துச் சிறு கணினிக்கு ஓயாத கணக்கீடு பெருஞ்சுமை. ஆகவே, தானியக்கத்தை நிறுத்திவைத்து, வேண்டும்போது வியப்புக்குறி விசையைத் தட்டிக் கணக்கிடச் செய்யவும் அதிலேயே வழி வைத்திருந்தார்கள்.

இன்றைய வேகமான கணினிக்கும் இது வேண்டுமோ என்று நீங்கள் கேட்கலாம். ஓராண்டுக்கு 8,760 மணி. நான்கு யந்திரங்களின் மணிவாரி உற்பத்தியை ஒரு மேக்ரோவைக் கொண்டு ஒவ்வொன்றாக நிரப்பினால் 35,040 பதிவுகள். ஒவ்வொரு பதிவுக்கும் அதைச் சார்ந்த கூட்டல்கள் யாவும் மீண்டும் நடைபெறும். எக்ஸெல் மாறியவற்றைச் சார்ந்த கட்டங்களை மட்டுமே தேடிக் கணக்கிடும் என்பது உண்மை. ஆயினும் நவ், ரேண்ட், ஆஃப்செட் போன்ற சார்புகள், எந்தக் கட்டம் மாறினாலும் தாமும் ஒருமுறை கணக்கிடப் புறப்பட்டுவிடும். ஊரில் எந்த வீட்டில் மேளம் கொட்டினாலும் எழுந்து ஓடுவார் சிலர் உண்டல்லவா!

ஆகவே, மேக்ரோவின் தொடக்கத்தில் கால்குலேஷன் என்னும் அமைப்பை மேனுவல் என்று மாற்றுவர். பதிவுகள் முடிந்ததும் ஆட்டோமாட்டிக் என்று திருப்புவர். கணக்கு ஒரே முறை நடக்கும். 1993 முதல் எக்ஸெல்லுடன் வரும் விபிஏ மொழியில் இது வரிக்கு ஒன்றாக இரண்டே வரி வேலை.

தொல்லை அந்த இரண்டாவது வரியில்தான். எண் இருக்கவேண்டிய இடத்தில் எழுத்து வந்து மேக்ரோ நடுவழியில் நின்றுவிட்டால், திருப்பும் வரியைக் கணினி எட்டுவதே இல்லை. இவ்வமைப்பு ஒரு தாளுக்கு உரியதன்று. திறந்திருக்கும் எல்லாக் கோப்புகளுக்கும் பொது. இப்போது நம் பழைய தாளில் சுழியம் இட்டுப் பாருங்கள். 28,80,000 அப்படியே நிற்கும். எச்சரிக்கை மணி அடிக்காது. திரையின் அடியோரத்தில் கால்குலேட் என்ற ஒரு சொல் மட்டும் தோன்றும். அதை யார் பார்க்கிறார்கள்? இல்லாத 7,20,000 யூனிட்டை நம்பி, வேறிடத்தில் கேட்டு வாங்கவேண்டிய மின்சாரத்தை ஒருவர் கேளாமல் விட்டுவிடக்கூடும். தவறான சூத்திரத்தைக் காட்டிலும் இதுவே கொடிது என்பேன். சூத்திரத்தைச் சோதிப்பவருக்கு அது சரியாகவே தோன்றும்.

கோப்பை அந்நிலையிலேயே சேமித்து நண்பருக்கு அனுப்பினால், அமைப்பும் உடன் செல்லும். அவர் அன்று முதலில் திறக்கும் கோப்பு அதுவானால், பின்னர்த் திறப்பவையும் அதன் வழியே நடக்கும்.

நல்ல மேக்ரோ முதலில் இருக்கும் நிலையைக் குறித்துக்கொள்ளும். பிழை நேர்ந்தால் இறுதிப் பகுதிக்குத் தாவும்படி ஆன் எரர் கட்டளையை இடும். அங்கே குறித்துவைத்த நிலையையே மீட்கும். கண்ணை மூடிக்கொண்டு ஆட்டோமாட்டிக் என்று எழுதுவது எனக்கு உடன்பாடன்று. பயனாளர் வேண்டுமென்றே நிறுத்திவைத்திருக்கலாம் அல்லவா? பிறர் தந்த தாளில் ஐயம் எழுந்தால் எஃப் 9 விசையைத் தட்டுங்கள். கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் சேர்த்தழுத்தித் தட்டினால், திறந்திருக்கும் கோப்புகள் அனைத்தும் முற்றிலும் புதிதாகக் கணக்கிடப்படும்.