சிறை கல்விக்கூடமாயிற்று, சட்டம் என்னவாயிற்று?

மேற்கு வங்கத்தில், கரக்பூருக்கு அருகே ஹிஜ்லி என்றோர் சிற்றூர். வெள்ளையர் ஆட்சி 1930-இல் அங்கே ஒரு தடுப்புக் காவல் முகாமை அமைத்தது. அங்கு அடைபட்ட இளைஞர்கள் செய்த குற்றம் என்ன? குற்றப்பத்திரிகை இல்லை; விசாரணை இல்லை; தீர்ப்பும் இல்லை. சிறை மட்டும் இருந்தது!

1931 செப்டம்பர் 16. நிராயுதபாணிகளான அந்தக் காவல் கைதிகள்மீது காவலர்கள் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர். சந்தோஷ் குமார் மித்ரா, தாரகேசுவர் சென்குப்தா எனும் இருவர் மாண்டனர். உடல்களைப் பெற்றுச் செல்லச் சுபாஷ் சந்திர போஸ் ஹிஜ்லிக்கு விரைந்தார். எழுபது வயது முதியவரான தாகூர், செப்டம்பர் 26-இல் கல்கத்தாவில் நடந்த கண்டனக் கூட்டத்தில் பேசினார்.

அந்தச் சிறை 1942-இல் மூடப்பட்டது. 1950-இல் அதே கட்டடத்தில் நாட்டின் முதல் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் குடியேறியது. கைதிகள் நடந்த தாழ்வாரத்தில் மாணவர் நடந்தனர். 1956-இல் பட்டமளிப்பு விழாவுக்கு வந்த நேரு, இம்மாற்றத்தை எண்ணிப் பூரித்தார். இன்று அது அருங்காட்சியகம். மகிழ்வோம், தோழர்களே! மகிழத்தக்க மாற்றமே அது.

ஆனால் அதே 1950-இல் வேறொன்றும் நடந்தது. விடுதலை பெற்ற நாட்டின் நாடாளுமன்றம் பிப்ரவரியில் தடுப்புக் காவல் சட்டத்தை நிறைவேற்றியது! சென்னை மாகாணச் சிறையில் அடைபட்டிருந்த ஏ.கே. கோபாலன் உச்ச நீதிமன்றம் சென்றார்; விடுதலை கிட்டவில்லை. அச்சட்டம் 1969-இறுதியில் காலாவதியாயிற்று. 1971-இல் ‘மிசா’ வந்தது, நெருக்கடி நிலைக் காலத்தில் சிறைகளை நிரப்பியது, 1978-இல் ஒழிந்தது. 1980-இல் தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அது இன்றும் இருக்கிறது. விசாரணையின்றிப் பன்னிரண்டு மாதம் வரை ஒருவரை அடைத்துவைக்க அதில் இடமுண்டு.

கட்டடம் மாறியது, கைதியாக்கும் முறை மாறவில்லை. அன்று அந்நியன் செய்தான், இன்று நம்மவர் செய்கின்றனர் என்பதால் அநீதி நீதியாகிவிடுமா?

ஆகவே, தோழர்களே, உங்கள் ஊரில் ஒருவர் விசாரணையின்றி அடைக்கப்பட்டார் என்று கேள்விப்பட்டால், ‘எக்கட்சிக்காரர்?’ என்று கேளாதீர்கள். ‘என்ன குற்றம்? எந்த மன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்டது?’ என்று கேளுங்கள். மாற்றானுக்காக இன்று நாம் கேட்க மறந்தால், நமக்காக நாளை கேட்பார் எவர்?