தீர்ப்பை எதிர்த்து வந்த தந்திகள்

போர்க் காலக் கொடுமைகளையும் பயங்கரவாதத்தையும் பொதுமக்கள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது இந்தக் கருத்தரங்கின் பொருள். பல நாடுகளைச் சுற்றிவராமல் ஒரே ஒரு வழக்கை மட்டும் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

1968 மார்ச் 16 அன்று காலை, வியட்நாமின் குவாங் ங்காய் மாகாணத்துச் சொன் மி கிராமத்தில் அமெரிக்கப் படையினர் இறங்கினார்கள். மை லாய் என்று உலகம் அறிந்த இடம் அதுதான். அவர்களை எதிர்த்துச் சுடுவதற்கு அங்கே படை எதுவும் இல்லை. ஆனாலும் முதியவர்கள், பெண்கள், கைக்குழந்தைகள் எனக் கொன்று குவித்தார்கள். இறந்தவர்கள் 504 பேர் என்கிறது வியட்நாம். அமெரிக்க ராணுவத்தின் கணக்கு 347. ஒன்றரை ஆண்டுக்கு மேல் மூடி மறைக்கப்பட்ட செய்தியை 1969 நவம்பரில் பத்திரிகையாளர் செய்மூர் ஹெர்ஷ் வெளிக்கொண்டு வந்தார்.

தண்டனை பெற்றவர் ஒரே ஒருவர்: லெப்டினன்ட் வில்லியம் கேலி. 22 பேரைத் திட்டமிட்டுக் கொன்றதாக 1971 மார்ச் இறுதியில் தீர்ப்பாகி, ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. நாடு கொதித்தெழுந்தது, கேலிக்கு ஆதரவாக! கருத்துக் கணிப்பில் பத்தில் ஏறத்தாழ எட்டுப் பேர் தீர்ப்பை ஏற்கவில்லை. வெள்ளை மாளிகையில் தந்திகள் வந்து குவிந்தன. அவரைப் புகழ்ந்து வந்த இசைத்தட்டு பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அன்று ஜார்ஜியா ஆளுநராக இருந்த ஜிம்மி கார்ட்டர், முகப்பு விளக்கை எரியவிட்டு வண்டி ஓட்டுமாறு மக்களைக் கேட்டுக்கொண்டார். சில நாட்களிலேயே கேலியைச் சிறையிலிருந்து வீட்டுக் காவலுக்கு மாற்ற அதிபர் நிக்சன் உத்தரவிட்டார்.

கேலியைக் குற்றவாளி என்று சொன்னவர்கள் யார்? ஆறு ராணுவ அதிகாரிகள். அவர்களில் ஐந்து பேர் வியட்நாமில் பணியாற்றியவர்கள். களத்தை அறிந்தவர்கள் இது போரல்ல, கொலை என்றார்கள். வீட்டுக் கூடத்தில் அமர்ந்து செய்தி கேட்டவர்களோ பையனை விட்டுவிடுங்கள் என்றார்கள். என் மனத்தை இன்றும் உறுத்தும் முரண் இது.

ஆனால் தீர்ப்பை ஏற்காத அந்த எட்டுப் பேரும் ஒரே மனத்தினர் அல்லர். மேலதிகாரிகளைத் தப்பவிட்டு ஓர் இளநிலை அதிகாரியைப் பலியாக்குகிறார்கள் என்று குமுறியவர்களும் அவர்களில் உண்டு. கட்டளையை நிறைவேற்றியவன் மேல் என்ன குற்றம் என்றவர்களும் உண்டு. முன்னவரின் கோபத்தில் நீதி இருக்கிறது. பின்னவரின் பேச்சு அச்சமூட்டுகிறது. ஹெர்பர்ட் கெல்மன் உள்ளிட்ட சமூக உளவியலாளர்கள் இந்த வேறுபாட்டைத் துருவினார்கள். கட்டளை வந்தால் நீங்களும் சுடுவீர்களா என்று அவர்கள் கேட்டபோது, ஏறத்தாழப் பாதிப் பேர் சுடுவோம் என்றார்கள். ஒற்றைச் சதவீதத்தை வைத்துக்கொண்டு ஒரு சமூகத்தின் மனத்தைப் படித்துவிட்டதாக நாம் எண்ணக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

கொலைக்குப் பெயர் வைப்பதிலும் முரண் உண்டு. அதே 1968இல் வியட்நாமின் ஹூவே நகரைப் பிடித்த கம்யூனிஸ்ட் படையினர் குடிமக்களைக் கொன்று புதைத்தார்கள். அதைப் பயங்கரவாதம் என்றவர்களில் பலர் மை லாயை வருந்தத்தக்க நிகழ்வு என்றதோடு நிறுத்திக்கொண்டார்கள். அங்கே சாய்ந்ததும் வியட்நாமியக் குழந்தை, இங்கே சாய்ந்ததும் வியட்நாமியக் குழந்தை. சுட்டவனின் சீருடையைப் பார்த்தா ஒரு சாவுக்குப் பெயர் வைப்பது?

மை லாயில் படையினருக்கும் கிராமத்தாருக்கும் நடுவே தன் ஹெலிகாப்டரை இறக்கி உயிர்களைக் காத்த அமெரிக்க விமானி ஹியூ தாம்சனுக்கு நாடு திரும்பியபின் வந்தவை கொலை மிரட்டல்கள். அந்தச் செயலுக்கு உரிய பதக்கம் 1998இல்தான் கிடைத்தது. அந்த முப்பது ஆண்டுகளில் மக்கள் மனம் எப்படி மாறியது, படங்களாலா, பள்ளிப் பாடங்களாலா, தலைமுறை மாறியதாலா என்பதை இங்கே கட்டுரை படிக்கும் இளைஞர்கள் ஆராய வேண்டும். கேள்வித்தாள் தயாரிப்பவர்களே, “சரியா, தவறா” என்பதோடு நிற்காமல், “ஏன்” என்பதற்கும் இடம் விடுங்கள். முதல் அமர்வின் கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.