அரையாண்டு விடுமுறைக்கு அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போகட்டும்

 

வரும் குளிர்கால விடுமுறையில் உங்கள் தமிழ்ச் சங்கத்தின் இளைஞர்கள் சிலர் எங்கள் கோவில்பட்டிப் பக்கத்துக் குழந்தைகள் இல்லங்களில் தங்கித் தொண்டு செய்ய விரும்புவதாகச் செயலாளர் சொன்னார். அதைப் பற்றியே பேசுங்கள் என்றும் கேட்டுக்கொண்டார். கேட்டதும் மனம் நிறைந்துபோனது. பனி கொட்டும் நாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள், தாத்தா பாட்டி ஊரை நினைத்து இப்படி ஆசைப்படுவது சின்ன விஷயமில்லை. நான் அரசுப் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். என் வகுப்பில் இல்லத்துப் பிள்ளைகள் பலர் படித்திருக்கிறார்கள். அவர்கள் பக்கம் நின்று சில வார்த்தைகள் சொல்கிறேன்.

அந்தப் பிள்ளைகள் இல்லத்துக்கு எப்படி வந்து சேர்கிறார்கள்? கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் எல்லாம் வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மழை ஏமாற்றிவிட்டால் உளுந்து, பாசி, பருத்தி எதுவும் வீடு வந்து சேராது. மற்றபடி தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கப் போக வேண்டும், பெட்டி ஒட்ட வேண்டும், இல்லையென்றால் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்கு ரயிலேற வேண்டும். கணவன் இறந்துபோன ஒரு பெண், இரண்டு பிள்ளைகளோடு இதில் எதைச் செய்வாள்? ஒரு பிள்ளையைத் தன் அம்மாவிடம் விடுகிறாள், இன்னொன்றை இல்லத்தில் சேர்க்கிறாள். இல்லத்துப் பிள்ளைகளில் பலருக்கு அம்மாவோ அப்பாவோ பாட்டியோ இருக்கிறார்கள். வறுமைதான் அவர்களைப் பிரித்து வைத்திருக்கிறது.

நீங்கள் வரப்போகும் டிசம்பரில் அந்தப் பிள்ளைகளுக்கும் அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை. வருஷத்தில் அவர்கள் வீடு போய்ச் சேரும் சில நாட்களில் அந்த விடுமுறை நாட்களும் அடக்கம். ஓர் இல்லத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். கடைசிப் பரீட்சை முடிந்த மறுநாள் காலை, முதல் டவுன் பஸ்ஸில் ஒரு தாய் வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். தீப்பெட்டி ஆபீசில் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர். மகள் துணிமணியை மஞ்சப்பையில் திணித்துக்கொண்டு எப்போதோ தயாராகிவிட்டாள். அன்று சாயங்காலம் வெளிநாட்டு விருந்தினர் வருகிறார்கள், பிள்ளை டான்ஸில் இருக்கிறாள், நாளைக்கு வந்து கூட்டிப் போங்கள் என்று இல்லத்தில் சொல்லிவிட்டார்கள். அந்தத் தாய் ஒன்றும் பேசவில்லை. மகளின் தலையைக் கோதிவிட்டு, பஸ் பிடிக்கக் கிளம்பிவிட்டார். வந்த விருந்தினர் நல்லவர்கள்தாம். தங்களுக்காக ஒரு பிள்ளையின் விடுமுறை ஒருநாள் குறைந்தது அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

நான் சொல்ல வந்த ஒரே விஷயம் இதுதான். நம்முடைய தொண்டு அந்தப் பிள்ளையை அவள் வீட்டுக்கு அருகில் கொண்டுபோக வேண்டும். இல்லத்தில் இன்னும் இறுகக் கட்டிவைப்பதாக இருக்கக் கூடாது.

இந்தக் கவலை எனக்கு மட்டும் வந்ததில்லை. தமிழ்நாட்டு இல்லங்களில் பிள்ளைகள் சுரண்டப்படுவது பற்றி 2007-இல் வந்த ஒரு பத்திரிகைச் செய்தி உச்ச நீதிமன்றத்தில் வழக்கானது. 2017 மே 5 அன்று வந்த தீர்ப்பு, நாட்டின் குழந்தைகள் காப்பகங்கள் அனைத்தும் அந்த ஆண்டு முடிவதற்குள் பதிவு செய்யப்பட வேண்டும் என்றது. வெளிநாட்டு நன்கொடைக்காகவும் தொண்டர்களுக்காகவும் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து இல்லங்களை நிரப்புவதும் நவீன அடிமைமுறைதான் என்று 2018-இல் ஆஸ்திரேலியா ஏற்றுக்கொண்டது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையும் இப்படிப்பட்ட தொண்டுப் பயணங்களால் வரும் தீங்கைப் பற்றி நாடுகளை எச்சரித்தது. பிள்ளையின் பக்கமிருந்து பாருங்கள்: மூன்று வாரம் மடியில் வைத்துக் கொஞ்சிய அக்கா ஒருநாள் விமானமேறிப் போய்விடுகிறாள். அடுத்த டிசம்பரில் வேறொரு அக்கா வருகிறாள். ஏற்கெனவே ஒரு பிரிவைத் தாங்கிய பிள்ளையை நாம் மறுபடி மறுபடி பிரிவுக்குப் பழக்குகிறோம்.

அயலிலிருந்து வந்து எங்கள் மண்ணில் பிள்ளைகளை வளர்த்தவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். வட அயர்லாந்தில் பிறந்த ஏமி கார்மைக்கேல் 1895-இல் இந்தியா வந்தார். 1901 முதல் திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில், கைவிடப்பட்ட பிள்ளைகளுக்கும் கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த சிறுமிகளுக்கும் வீடு அமைத்தார். 1951-இல் இறக்கும்வரை ஒருமுறைகூடத் தாயகம் திரும்பவில்லை. கல்லறையில் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். பிள்ளைகள் அங்கே பறவைகள் குளிக்க ஒரு தொட்டி வைத்து, ‘அம்மா’ என்று மட்டும் பொறித்தார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் அரை நூற்றாண்டு இருக்கிறது.

எல்லோராலும் அப்படித் தங்கிவிட முடியாது. முடியாதவர்களுக்கும் எங்கள் ஊர்ப் பக்கமே வழி காட்டியிருக்கிறது. காமராசரின் மதிய உணவுத் திட்டம் 1956-இல் எட்டயபுரத்தில்தான் தொடங்கியது. பள்ளியில் ஒருவேளைச் சோறு போட்டதால் பிள்ளை படிக்கவும் முடிந்தது, சாயங்காலம் சொந்த வீட்டுக்குப் போகவும் முடிந்தது. குடும்பத்தின் சுமையில் ஒரு பங்கை வெளியிலிருந்து தாங்கினால் பிள்ளை வீட்டிலேயே வளரும்.

இன்றைக்கும் அந்த வழி திறந்திருக்கிறது. அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், விதவைத் தாயிடமோ உறவினரிடமோ வளரும் ஏழைப் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். கிராமமானால் குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள், நகரமானால் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஆனால் விண்ணப்பம், வருமானச் சான்று, வங்கிக் கணக்கு, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அலைச்சல் என்றெல்லாம் இருக்கிறதே, தினக்கூலிக்குப் போகும் தாய் இதற்கு எங்கே போவார்? அங்கே கூட நின்று உதவும் உள்ளூர் ஆள் ஒருவருக்கு நீங்கள் துணை நில்லுங்கள்.

அடுத்து, 18 வயது முடிந்து இல்லத்தை விட்டு வெளியேறப்போகும் பிள்ளைகள். எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி, எங்கே தங்குவது என்று வழி சொல்லத் தெரிந்த ஆள் வீட்டில் இல்லாத பிள்ளைகள் அவர்கள். இங்கே முன்வரிசையில் இருக்கும் இளைஞர்களும் ஏறக்குறைய அதே வயதுதான். அவர்களுக்கு வாரம் ஒருமுறை, அதே ஆள், அதே நேரம், இல்லத்துப் பொறுப்பாளர் அறிய, காணொலியில் ஆங்கிலமோ கணக்கோ சொல்லிக்கொடுங்கள். ஆனால் ஒரு கல்வியாண்டு முழுக்க நிற்க முடியுமா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

பணம் அனுப்புவோருக்கு ஒரு வார்த்தை. நீங்கள் இப்போது வேறு நாட்டுக் குடிமக்கள் என்றால் உங்கள் பணம் சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. அதைப் பெற அந்த இல்லம் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி (எஃப்.சி.ஆர்.ஏ.) பதிவு பெற்றிருக்க வேண்டும், ஸ்டேட் வங்கியின் புதுடில்லி முதன்மைக் கிளைக் கணக்கு வழியாகவே அது வர வேண்டும். இளைஞர் நீதிச் சட்டப் பதிவுச் சான்றையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். நேர்மையான இல்லம் அதற்குக் கோபப்படாது.

அப்படியும் நேரில் வர விரும்பினால் தாராளமாக வாருங்கள். கழிப்பறையைச் சீர்செய்யுங்கள், நூலகத்தை அடுக்கிக் கொடுங்கள், கணினிகளைப் பழுது பாருங்கள், இரவு பகலாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர்களோடு உட்கார்ந்து அவர்களுக்கு என்ன தேவை என்று கேளுங்கள். பிள்ளைகளின் முகத்தைப் படமெடுத்துப் போடாதீர்கள். அவர்களை அடையாளம் காட்டுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி குற்றம்.

டிசம்பரில் இங்கிருந்து ஊருக்கு விமான டிக்கெட் என்ன விலை என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். மாதம் 4,000 என்றால் வருஷத்துக்கு 48,000 ரூபாய். அதை வைத்து ஒரு கரிசல்காட்டுத் தாய் தன் மகளைத் தன்னோடே வைத்துப் படிக்க வைக்கலாம். இன்று நடக்கப்போகும் உங்கள் பொதுக்குழுவில், இந்தச் சங்கத்தின் பெயரில் எத்தனை பிள்ளைகள் அடுத்த கல்வியாண்டில் சொந்த வீட்டிலிருந்து பள்ளிக்குப் போகப்போகிறார்கள் என்று ஓர் எண்ணை முடிவு செய்யுங்கள். ஊரில் செய்ய வேண்டிய வேலையை எங்களைப் போன்றவர்கள் பார்த்துக்கொள்கிறோம்.