கரும்பில் ஓடும் கார்



பெட்ரோலுடன் எரிசாராயத்தைக் கலந்து கார் ஓட்டுவது நம் நாட்டில் பொது வழக்காகிவிட்டது. 2025-ஆம் ஆண்டில் இக்கலப்பு நூற்றுக்கு 20 பங்கை எட்டிற்று. எத்தனால் எனப்படும் இப்பொருளால் நமக்கு நன்மையா, தீமையா என்று வினவுவோர் பலர். இவ்வழியில் நமக்கு முன்னே நெடுந்தொலைவு சென்ற பிரேசில் நாட்டின் அனுபவம் இதற்கு விடை தரும்.

1973-இல் எண்ணெய் விலை பன்மடங்கு உயர்ந்தபோது, எண்ணெயில் பெரும்பகுதியை வெளிநாடுகளில் வாங்கிவந்த பிரேசில் திகைத்தது. ஆயினும் அங்கே கரும்புக்குக் குறைவில்லை. 1975-இல் அரசாங்கம் எரிசாராயத் திட்டத்தைத் தொடங்கிற்று. 1979-இல் எரிசாராயத்தால் மட்டுமே ஓடும் கார் விற்பனைக்கு வந்தது. சில ஆண்டுகளுக்குள், அங்கு விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது அவ்வகையின ஆயின.

அதன்பின் வந்தது சோதனை. சர்க்கரை விலை ஏறவே, ஆலைகள் கரும்பைச் சர்க்கரைக்குத் திருப்பின. 1989-இல் எரிசாராயத்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. பிறிதோர் எரிபொருளை ஏற்காத கார்கள் நீண்ட வரிசையில் காத்து நின்றன. மக்கள் நம்பிக்கை இழந்தனர். அக்கார்களின் விற்பனையும் நாளடைவில் அற்றுப்போயிற்று. குறை எரிசாராயத்தில் இல்லை. ஓட்டுவோருக்கு வேறு வழி இல்லாமற்போனதே குறை.

இழந்த நம்பிக்கையை மீட்டது 2003-இல் வந்த இருவகை எரிபொருள் கார். புகைக்குழாயில் உள்ள கருவி, வெளிவரும் புகையில் எஞ்சிய பிராணவாயுவை அளந்து கலப்பின் தன்மையை அறியும். அதற்கேற்ப இயந்திரத்துக்குச் செல்லும் எரிபொருளின் அளவு மாறும். ஒரு லிட்டர் எரிசாராயத்தின் ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே. ஆதலால் பிரேசில்காரர், பெட்ரோல் விலையில் நூற்றுக்கு 70 பங்குக்குக் கீழ் இருந்தால் எரிசாராயத்தை வாங்குவார். மிஞ்சினால் பெட்ரோலை நாடுவார்.

இக்கணக்கு நமக்கும் பொருந்தும். 20 பங்குக் கலப்பினால், அதற்கென அமையாத கார்களில் எரிபொருட் சிக்கனம் 6 முதல் 7 விழுக்காடு குறையக்கூடும் என்று 2021-இல் நிதி ஆயோக்கின் வல்லுநர் குழு மதிப்பிட்டது. பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்களும் அடைப்புகளும் கெடக்கூடும். எரிசாராயம் ஈரத்தை ஈர்ப்பதாகையால், மாதக்கணக்கில் ஓடாத வண்டிக்கு அது ஏற்றதன்று.

எண்ணெய் இறக்குமதி குறைவது நாட்டுக்கு நலமே. ஆனால் அந்நலத்தின் விலையைப் பழைய கார் வைத்திருப்பவர் மட்டும் செலுத்துவது முறையாகாது. கலப்பின் அளவைத் தெரிவித்து, ஆற்றலுக்கேற்ற விலை வைத்து, வேண்டுவதைத் தேர்ந்துகொள்ளும் உரிமையும் தந்தால், மக்கள் இதனை மனமுவந்து ஏற்பர். பிரேசில் கற்ற பாடம் இதுவே.